பதினான்கு வயதுச் சிப்பாய்: யார் சொன்ன பொய்?



இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல். நான் எழுதப் போகிறவரை ‘அவர்’ என்று எழுதுவதா, ‘அவன்’ என்று எழுதுவதா?

போர்க்களத்தில் இறந்த ஒரு சிப்பாயை ‘அவன்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் இறந்தபோது வயது 14 வருடம், 9 மாதம். நம் ஊர்க் கணக்கில் படிவம் இரண்டு மாணவன். நம்முடைய சமய வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, ‘எப்போண்ணே முடியும்?’ என்று கேட்கும் வயசு. அந்த வயதுப் பிள்ளையை ‘அவர்’ என்று எழுதினால், அவன் பெரிய ஆள் என்று நானும் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். 1915-ல் பெரியவர்கள் செய்ததும் அதுதான். அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜிம் என்ற பையன்

முழுப்பெயர் ஜேம்ஸ் சார்லஸ் மார்ட்டின். வீட்டில் ஜிம். 1901 ஜனவரி 3-ல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டோக்கும்வால் என்ற சிறு ஊரில் பிறந்தான். அக்கா தங்கைகளுக்கு நடுவே ஒரே ஆண் பிள்ளை. பிறகு குடும்பம் மெல்பர்ன் பக்கம் ஹாதர்ன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியப் பள்ளிப் பையன்களுக்கு ‘கேடட்’ பயிற்சி கட்டாயம். நடை, அணிவகுப்பு, துப்பாக்கி எல்லாம் அவனுக்குப் பழக்கம். பள்ளியை விட்ட பிறகு பண்ணை வேலைக்குப் போனான்.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. ஜிம்மின் அப்பா பட்டாளத்தில் சேரப் போனார். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘நீங்க போக முடியலன்னா என்னப்பா, நான் போறேன்’ என்ற எண்ணம் அந்தப் பையனுக்குள் விழுந்தது அப்போதுதான் என்று அவன் கதையைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள்.

அம்மா அமேலியா ஒப்புக்கொள்ளவில்லை. எந்த அம்மாதான் ஒப்புக்கொள்வார்? ஜிம் ஒரு மிரட்டல் போட்டான். சம்மதிக்காவிட்டால் ஓடிப்போய் வேறு பெயரில் சேர்ந்துகொள்வேன், வீட்டுக்குக் கடிதமும் போட மாட்டேன். சம்மதித்தால் சொந்தப் பெயரிலேயே சேர்ந்து ஒழுங்காகக் கடிதம் எழுதுவேன். அம்மா தோற்றுப் போனார். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அவர் தந்தார். 1915 ஏப்ரல் 12-ல் ஜிம் பட்டாளத்தில் சேர்ந்தான். வயது என்ற இடத்தில் 18 என்று பதிவானது.

சேர்ந்த பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 25-ல், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இறங்கின. அடுத்தடுத்த வாரங்களில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கின. ஜூன் கடைசியில் ஜிம் கப்பல் ஏறினான். எகிப்தில் கொஞ்ச நாள். அங்கிருந்து 21-ஆம் பட்டாலியனோடு ‘சவுத்லேண்ட்’ என்ற கப்பலில் கலிப்போலி நோக்கிப் புறப்பட்டான். செப்டம்பர் 2-ல், லெம்னோஸ் தீவுக்கு அருகில், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ அந்தக் கப்பலைத் தாக்கியது. ஜிம் நான்கு மணி நேரம் கடல் தண்ணீரில் கிடந்து பிழைத்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். பதினான்கு வயதுப் பையன் கடலில் நான்கு மணி நேரம் கிடந்திருக்கிறான். கரையேறிய பிறகு, ‘சார், நான் பொய் சொல்லிட்டேன், எனக்குப் பதினாலு வயசுதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. செப்டம்பர் 8-ல் கலிப்போலியில் இறங்கினான்.

அங்கே பள்ளம் தோண்டிய அகழி வாழ்க்கை. சில இடங்களில் எதிரியின் அகழி கூப்பிடு தூரத்தில் இருந்தது. குண்டைப் போலவே பயமுறுத்தியவை ஈக்களும் அழுக்குத் தண்ணீரும். புதைக்க முடியாத பிணங்கள், திறந்த கழிப்பிடங்கள், அதே ஈக்கள் சாப்பாட்டிலும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் படையைத் தின்றன. ஜிம் வீட்டுக்கு எழுதினான். நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்றுதான் எழுதினான். அவனுக்கு ஒரே ஒரு குறை. வீட்டிலிருந்து ஒரு கடிதம்கூட வந்து சேரவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். கடிதங்கள் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. கடிதம் எழுதுவேன் என்ற ஒப்பந்தத்தில்தானே அம்மாவிடம் சம்மதம் வாங்கினான்? அவன் பக்கத்து வாக்கை அவன் காப்பாற்றினான்.

அக்டோபரில் அவனுக்கு டைபாய்டு. முடிந்தவரை அகழியிலேயே தாக்குப்பிடித்திருக்கிறான். 25-ஆம் தேதி ‘கிளெனார்ட் காசில்’ என்ற மருத்துவமனைக் கப்பலுக்கு எடுத்துப் போனார்கள். அன்று மாலையே இதயம் நின்று இறந்துவிட்டான். கடலில் அடக்கம் செய்தார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதியவர் அந்தக் கப்பலின் தலைமை நர்ஸ். ஜிம்முக்குக் கல்லறை இல்லை. கலிப்போலியில் லோன் பைன் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த ஆஸ்திரேலியர்களிலேயே வயதில் சிறியவன் இவன்தான் என்று கருதப்படுகிறது.

இன்னும் ஒன்று. ஜிம் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 20-க்குள் அவன் காவல் நின்ற அந்த மலைச்சரிவை விட்டு மொத்தப் படையும் கப்பலேறித் திரும்பிவிட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் இறந்திருந்தார்கள். சொந்த மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் பக்கத்தில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

வீரமா, ஏமாற்றமா?

இந்தக் கதையை நம்ம பசங்க சிலரிடம் சொன்னேன். இரண்டு விதமான பதில் வந்தது. ஒரு தம்பி, ‘செம தைரியம்ணே, அவன்தான் ஆம்பள’ என்றான். இன்னொரு தங்கை, ‘பாவம், ஏமாத்திட்டாங்க’ என்றாள்.

இரண்டு பதிலிலும் ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது.

‘ஏமாத்திட்டாங்க’ என்றால், ஜிம்மிடம் இருந்த எதையும் நாம் மதிக்கவில்லை என்று ஆகிறது. அவனை யாரும் பிடித்து இழுத்துப் போகவில்லை. தானாகப் போனான், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், கடலில் விழுந்து எழுந்த பிறகும் பின்வாங்கவில்லை. அந்தத் தைரியம் உண்மையானது.

‘செம தைரியம்’ என்று முடித்துவிட்டாலோ, இன்னொரு கேள்வி அப்படியே மறைந்துவிடுகிறது. தைரியம் இருப்பதும், ஒரு காரியத்துக்குச் சம்மதம் கொடுக்கும் பக்குவம் இருப்பதும் ஒன்றா? தைரியம் பத்து வயதிலேயே வரலாம். சில பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் சம்மதம் என்பது, இதில் எதை இழக்கப் போகிறேன் என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டு தலையாட்டுவது. பதினான்கு வயதுக்காரன் தன் உயிரைக் கொடுக்கிறேன் என்கிறான். அவன் கொடுப்பது பதினான்கு வருடத்தை இல்லை. இனி வரப்போகும் ஐம்பது, அறுபது வருடத்தை. அது என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது. தெரியாத விலைக்குப் போடும் கையெழுத்தை நாம் கடையில்கூட ஒப்புக்கொள்வதில்லை.

அபிமன்யு மட்டும்?

இங்கே யாராவது கை தூக்குவார்கள் என்று தெரியும். ‘அப்போ அபிமன்யு? அவனுக்குப் பதினாறு வயசுதானே? அவனை வீரன்னு கும்பிடுறோமே?’

நல்ல கேள்வி. நானும் சின்ன வயதில் அபிமன்யு கதையை உடம்பு சிலிர்க்கக் கேட்டவன்தான். ஆனால் கதையை முழுசாகப் பாருங்கள். சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகத்தான் அவனுக்குத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அதை அவனே சொல்கிறான். தெரிந்துகொண்டே அவனை அனுப்பியவர் தருமர். ‘நீ வழியைத் திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம்’ என்பது பெரியவர்கள் கொடுத்த வாக்கு. ஜயத்ரதன் குறுக்கே நின்றான், அவர்களால் உள்ளே போக முடியவில்லை. பிள்ளை தனியாக மாட்டிக்கொண்டான்.

அவன் இறந்த பிறகு தருமர் என்ன செய்கிறார்? ‘என் மகன் வீர சொர்க்கம் போனான்’ என்று மார்தட்டவில்லை. தன்னையே குற்றம் சொல்லி அழுகிறார். சாப்பாட்டிலும் வாகனத்திலும் நகையிலும் எவனை முன்னால் நிறுத்தியிருக்க வேண்டுமோ, அந்தக் குழந்தையைப் போரில் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று துரோண பருவத்தில் அவர் புலம்பும் இடம் இருக்கிறது. மகாபாரதத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடங்களில் அது ஒன்று. அபிமன்யுவின் வீரத்தை இதிகாசம் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. அதே நேரத்தில் பெரியவர்களின் பொறுப்பையும் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள முடியும் என்று காட்டுகிறது. நாம்தான் முதல் பாதியை மட்டும் மேடையில் பேசுகிறோம்.

அபிமன்யுவின் அப்பாவைப் பாருங்கள். அர்ஜுனன் வயதும் அனுபவமும் உள்ள வீரன். அவனே களத்தின் நடுவில் வில்லைக் கீழே போட்டுவிட்டு, ‘இதை நான் செய்யலாமா?’ என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குத்தான் பதினெட்டு அத்தியாயம் பதில். அத்தனையும் சொல்லி முடித்த பிறகும் கண்ணன் ‘போய்ச் சண்டை போடு’ என்று முதுகில் தள்ளவில்லை. நன்றாக யோசி, பிறகு உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். அவ்வளவு பெரிய வீரனுக்கே தேரை நிறுத்திக் கேள்வி கேட்க நேரம் கிடைத்தது. ஜிம்முக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? அவன் முன்னால் வைக்கப்பட்டது ஒரு ஃபாரம்தான்.

‘க்ஷத்திரிய தர்மம், சுதர்மம்’ என்றும் சிலர் சொல்வார்கள். சுதர்மம் என்பது தொழிலை வைத்து மட்டும் வருவதில்லை, பருவத்தை வைத்தும் வருகிறது. வாழ்க்கையை நான்கு ஆசிரமமாகப் பிரித்த மரபு நம்முடையது. முதல் பருவம் பிரம்மச்சரியம். அந்தப் பருவத்தின் கடமை படிப்பது, உடம்பையும் மனதையும் வளர்ப்பது, குருவிடம் கேள்வி கேட்பது. அந்த வயதுக்காரன் படிக்காமல் சாகப் போனால், அவன் தர்மத்தைச் செய்தான் என்பதைவிட அவனுடைய தர்மத்தைச் செய்ய விடவில்லை என்பதுதான் சரி.

சங்கப் பாட்டிலும் இதே தர்மசங்கடம் உண்டு. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்பனையும் கணவனையும் போரில் இழந்த பெண், ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். தமிழ்த்தாயின் வீரம் என்று பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும் பாட்டு. எனக்கு அதில் வேலைவிட அந்தத் தலைவாரல்தான் கண்ணில் நிற்கிறது. தன் தலையைத் தானே வாரத் தெரியாத வயது! புலவர் ஏன் அதைச் சொன்னார்? வெறும் புகழ்ச்சிக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்போ யார் மேல தப்பு?

இனி கொஞ்சம் கஷ்டமான இடம். ஜிம்மின் சாவுக்கு யார் பொறுப்பு?

ஜிம்மையே எடுத்துக்கொள்வோம். பொய் சொன்னது அவன்தான். வாய்மை என்ற அதிகாரத்திலேயே வள்ளுவர் பொய்க்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் போடும் நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் ஒரு குற்றமும் கலந்திருக்கக் கூடாது. ஜிம்மின் பொய்யில் சுயநலம் இல்லை என்பது உண்மை. ஆனால் நல்லெண்ணம் வேறு, நல்விளைவு வேறு. வள்ளுவர் பார்க்கச் சொல்வது விளைவை. அந்தப் பொய்யின் விலையை அவனோடு சேர்ந்து ஒரு வீடே கட்டியது.

அடுத்து அம்மா. அவர் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் பையன் வேறு பெயரில் போயிருப்பான். எங்கே செத்தான் என்றுகூடத் தெரியாமல் போயிருக்கும். இரண்டு தப்பில் சின்னத் தப்பைத் தேர்ந்தெடுத்தார். அவரை வெளியே நின்று குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்தத் தாய்க்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. பட்டாள அலுவலகத்துக்குப் போய், ‘இவனுக்குப் பதினாலு வயசுதான், எந்தப் பேர்ல வந்தாலும் சேர்க்காதீங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மகன் அவரை வெறுத்திருப்பான். ஆனால் உயிரோடு இருந்து வெறுத்திருப்பான்.

மூன்றாவதாக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். எனக்கு அதிகம் உறுத்துவது இவர்தான். பிறப்புப் பத்திரம் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. எதிரில் நிற்பவன் பதினெட்டா, பதினாலா என்று ஊகிக்க அவருக்குக் கண் இருந்தது. ஆனால் ஆள் வேண்டியிருந்தது. பையன் பதினெட்டு என்றான், அவர் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்.

ஒரு பொய் நிலைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தர் வசதிக்காக நம்ப. சொன்னவன் பதினான்கு வயசு. நம்பியவர் பெரியவர். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. அவரும் ஒரு வகையில் பொய் சொன்னவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகம் இதைச் சட்டமாகப் புரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை நேரடிப் போரில் இறக்கக் கூடாது என்ற சர்வதேச உடன்பாடு 2000-ல் வந்து, 2002 பிப்ரவரி 12-ல் நடைமுறைக்கு வந்தது. 2012-ல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், காங்கோவைச் சேர்ந்த தாமஸ் லுபாங்கா என்ற ஆயுதக் குழுத் தலைவருக்கு 14 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. குற்றம், பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்தது, போரில் பயன்படுத்தியது. ‘அவங்களாத்தான் வந்தாங்க’ என்பது தப்பிக்க வழியாகாது என்பது அந்த வழக்கில் தெளிவானது. பிள்ளை தானாக வந்தாலும், திருப்பி அனுப்ப வேண்டியது பெரியவர் கடமை.

நம் வீட்டுக்குள்ளும்

ஆஸ்திரேலியப் பையனுக்காக வருத்தப்படுவது சுலபம். நம் இனத்துக்குள் வந்து பேசுவதுதான் கஷ்டம்.

1943-க்குப் பிறகு நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நேதாஜியின் இயக்கத்தில் சிறுவர்களுக்குப் பால சேனை இருந்தது. ஜான்சி ராணிப் படையில் தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். அவர்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்டு. அந்தத் தியாகத்தை நினைத்துப் பெருமைப்படுகிறோம், படத்தான் வேண்டும். ஈழத்தில், பதினெட்டு வயதுக்குக் குறைந்த தமிழ்ப் பிள்ளைகளை விடுதலைப் புலிகள் சேர்த்ததையும், பின்னால் பிரிந்துபோன கருணா குழு சேர்த்ததையும் ஐ.நா. அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இதைப் பேசினால் நமக்குள்ளேயே கோபம் வரும். ‘அங்க இருந்த நிலைமை உனக்குத் தெரியுமா?’ என்பார்கள். உண்மைதான், குண்டு விழுகிற ஊரில் நான் வாழவில்லை. வேறு வழி தெரியாமல் போன பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கேள்வி அந்தப் பிள்ளைகளைப் பற்றியதே இல்லை. காரணம் நியாயமாக இருந்தால் வயதுக் கணக்கு பார்க்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. எனக்குப் படுவது இதுதான். காரணம் எவ்வளவு நியாயமோ, அவ்வளவுக்கு அதிகமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். ஏனென்றால், யாருக்காகப் போராடுகிறோமோ அவர்கள்தான் அந்தப் பிள்ளைகள்.

இன்றைக்கு நம் அடுக்குமாடி வீடுகளின் கீழே நடப்பதையும் பாருங்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பையனின் தோளில் கை போட்டு, ‘நீ நம்ம ஆளுடா, ஒனக்கு ஒண்ணுன்னா நாங்க இருக்கோம்’ என்று சொல்லும் ‘அண்ணன்கள்’ இல்லையா? கேங்கில் சேரும் பையனுக்குக் கிடைப்பதும் ஜிம்முக்குக் கிடைத்ததுதான். பெரிய ஆள் என்ற பட்டம், ஒரு கூட்டம், ஒரு வாக்குறுதி. போலீஸ் வரும்போதும் பாராங் வெட்டு விழும்போதும் அந்த அண்ணன்கள் வியூகத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

நான் எழுதிக்கொண்ட பதினெட்டு

இவ்வளவும் எழுதிவிட்டு, என் கதையைச் சொல்லாமல் விட்டால் நானும் மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான்.

சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். இரவு வேலைக்குப் பதினெட்டு வயது ஆனவர்கள் மட்டும் என்று நாங்களே விதி வைத்திருந்தோம். பெயர் பதியும் வேலை என்னுடையது. ஒரு தம்பி வந்தான். வயது 18 என்று எழுதினான். அடையாளக் கார்டு எண்ணை எழுதாமல் விட்டிருந்தான். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மீசை முளைக்காத முகம் எதிரில் நின்றது. அந்த வருடம் இரவுக்கு ஆள் பற்றவில்லை. ‘சரி தம்பி, பத்து மணிக்கு வந்துரு’ என்றேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், சுடு தேநீர் அண்டாவைத் தூக்கிய இருவரில் அவன் ஒருவன். கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. தழும்பு மட்டும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு அவன் அம்மா வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. ‘அவனுக்குப் பதினைஞ்சு வயசுதான் தம்பி. ஒங்களப் பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கு. பாத்தா தெரியலயா?’ என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன பதில்: ‘அவன்தான் அக்கா பதினெட்டுன்னு சொன்னான்.’

சொல்லும்போதே கேவலமாக இருந்தது. ஜிம்மின் கதையைப் பிறகு படித்தபோது, முகம் தெரியாத அந்த ஆள்சேர்ப்பு அதிகாரி என் குரலில் பேசுவது போல் இருந்தது. அந்தத் தம்பி எந்தக் கெட்ட காரியத்துக்கும் வரவில்லை. முருகனுக்குத் தொண்டு செய்ய வந்தான். நானும் நல்ல காரியத்துக்குத்தான் சேர்த்தேன். காரியம் நல்லது என்பதால்தான் எனக்கு அந்தக் காலி இடம் கண்ணில் படவில்லை. கெட்ட காரியமாக இருந்திருந்தால் கவனமாகப் பார்த்திருப்பேன்.

அதனால் என்ன செய்யலாம்?

பதினான்கு, பதினைந்து வயதுத் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று. உங்கள் ஆர்வத்தையும் தைரியத்தையும் யாரும் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் உங்களைப் ‘பெரிய ஆள்’ என்று சொல்லும்போது, அதனால் அவருக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உண்மையிலேயே உங்களை மதிக்கிறவர் உங்கள் வயதையும் மதிப்பார், காத்திருக்கச் சொல்வார். அர்ஜுனன் மாதிரித் தேரை நிறுத்திக் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இயக்கத்தில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு இன்னொன்று. பிள்ளைகள் பொய் சொல்வார்கள். ஆர்வத்தில் சொல்வார்கள், அன்பில் சொல்வார்கள், நம்மை மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையில் சொல்வார்கள். அந்தப் பொய்யை நம்பாமல் இருப்பது நம் வேலை. அவன் முகம் வாடும், நம்மேல் கோபப்படுவான், வேறு இயக்கத்துக்குப் போய்விடுகிறேன் என்று மிரட்டுவான். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் நாம் பெரியவர்களாக அங்கே உட்கார்ந்திருக்கிறோம். தொண்டு வேண்டாம் என்று விரட்ட வேண்டியதில்லை. பகலில் செருப்பு அடுக்கட்டும், தண்ணீர் கொடுக்கட்டும், தேவாரம் பாடட்டும். அவன் வயதுக்கு ஏற்ற இடம் கோயிலில் எத்தனையோ உண்டு.

இப்போதும் தைப்பூசத்துக்குப் பெயர் பதிவது நான்தான். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. எண் இல்லாத ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘கார்ட எடு தம்பி’ என்பேன். சிலர் முறைப்பார்கள். போன தடவை ஒருத்தன், ‘என்னண்ணே, நம்ப மாட்டீங்களா?’ என்று கேட்டான்.

‘நம்ப மாட்டேன்டா,’ என்றேன். ‘காலையில ஆறு மணிக்கு வா. ஒனக்கு வேல வச்சிருக்கேன்.’

வந்தான்.